இரண்டாவது சாவி

அம்பத்தூர் எஸ்டேட்டில் பித்தளை வால்வு செய்யும் ஒரு கம்பெனி. அதன் வாசலில் நின்று, ஜோசப்ராஜ் பல வருடங்களாக மற்றவர்களின் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். அதற்குத்தான் சம்பளம். ஷிப்ட் முடிந்து வெளியேறுகிறவர்கள் வரிசையாக நின்று பையைக் காட்ட வேண்டும். அவர் டப்பாவை வாங்கிக் காதருகே வைத்து ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுத் திருப்பித் தருவார்.

அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், லேத் ஆள் ஒருவன் காலையில் கொண்டுவந்த தயிர்சாதத்தைத் தொடாமல் சாயங்காலம் திருப்பி எடுத்துப் போனான். பசிக்கவில்லை என்றான். எட்டு மணி நேரம் லேத்தில் நின்றவனுக்கு எப்படிப் பசிக்காமல் இருக்கும் என்று யோசித்த ஜோசப்ராஜ், தயிர்சாதத்துக்குள் கையை விட்டார். அடியில் கை நிறைய, வால்வுக்குள் போடும் பித்தளைப் புஷ்கள். நிர்வாகம் ஆயுத பூஜையன்று மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போட்டு, ஒரு சுவர்க்கடிகாரமும் கொடுத்தது. சில பேருக்கு ஞானம் தியானத்தில் வருகிறது. அவருக்குத் தயிர்சாதத்தில் வந்தது. அன்றிலிருந்து உலகில் எதையும் மேலாகப் பார்த்து அவர் விட்டதில்லை. பரிசாக வந்த கடிகாரம் நேரம் சரியாகத்தான் காட்டுகிறதா என்று இன்னமும் போனில் சரிபார்த்துக்கொள்கிறார்.

இப்படிப்பட்டவர் கல்யாணமான நாளிலிருந்து மனைவியை பஸ்ஸில் ஏற விட்டதில்லை என்றால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஜெயசீலி அதே எஸ்டேட்டில் ஒரு ரெடிமேட் கம்பெனியில் சட்டைக் காலர் சரிபார்க்கிறவள். காலையில் சென்னீர்குப்பம் வீட்டு வாசலில் அவர் பைக்கை உதைப்பார். அவள் ஒரு பக்கமாகக் காலைத் தொங்கப்போட்டு உட்காருவாள். கம்பெனி வாசலில் இறக்கிவிடுவார், சாயங்காலம் அதே வாசலில் ஏற்றிக்கொள்வார். அக்கம்பக்கத்தார் இதை அன்பு என்றார்கள். அவரும் மறுக்கவில்லை. அன்பும் காவலும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றால் வெளியே இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்? பாதி நாள் அவருக்கே தெரியாது.

ஒரு பக்கமாக உட்காருவதில் ஒரு விசேஷம் உண்டு. ஜெயசீலி காலையில் ரோட்டின் ஒரு பக்கத்தைப் பார்த்தாள், சாயங்காலம் மறுபக்கத்தைப் பார்த்தாள். இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் பார்த்ததே இல்லை. எந்த பஸ் எங்கே போகும் என்று கேட்டால் சிரிப்பாள். "அவருக்குத்தான் தெரியும்" என்பாள்.

போன வருடம் அவளுடைய கம்பெனி ராஞ்சியில் ஒரு யூனிட் திறந்தது. அங்கே புதிதாகச் சேர்ந்த பெண்களுக்குக் காலர் வேலை கற்றுக்கொடுக்க இரண்டு மாதத்துக்கு ஜெயசீலியையும் கூட வேலை பார்க்கும் விஜியையும் அனுப்பத் தீர்மானித்தார்கள். போய் வந்தால் சூப்பர்வைசர். நசரத்பேட்டை விஜி வாயாடி, எவனும் நெருங்க முடியாது. அவள் துணைக்கு இருக்கிறாள் என்ற ஒரே தைரியத்தில் ஜோசப்ராஜ் சம்மதித்தார். பூந்தமல்லிக்குப் போய், ரயிலில் பையைக் கட்டிவைக்க ஒரு சங்கிலியும் பூட்டும் வாங்கினார். பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்றை அவள் சிலுவைச் செயினில் கோர்த்துவிட்டார். இன்னொன்றைத் தன் பைக் சாவி வளையத்தில் மாட்டிக்கொண்டார்.

"யார் இன்னா குடுத்தாலும் துன்னாதே. பேச்சு குடுத்தா தூங்குற மாதிரி கண்ண மூடிக்க" என்று பிளாட்பாரத்தில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது விஜியின் அண்ணனிடமிருந்து போன் வந்தது. விஜிக்கு டைபாய்டு.

"சரி, எறங்கு. ஊட்டுக்குப் போலாம்" என்றார் ஜோசப்ராஜ்.

ஜெயசீலி ஜன்னலுக்கு உள்ளே இருந்தாள். காலுக்கடியில் பையைச் சங்கிலி போட்டுக் கட்டியாகிவிட்டது. அவிழ்க்க நேரமாகும் என்பதாலா, வேறு எதனாலா தெரியவில்லை.

"நான் போயிட்டு வந்துர்றேங்க" என்றாள்.

இத்தனை வருடத்தில் அவள் அவரிடம் சொன்ன எல்லாவற்றின் முடிவிலும் ஒரு கேள்வி இருக்கும். போலாமா, வாங்கலாமா, வேணாமா. கேள்வி இல்லாமல் வந்த முதல் வாக்கியம் இது. அவர் ஜன்னல் கம்பியைப் பிடிப்பதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது.

இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தவள் அவருடைய மனைவிதானா என்பதில் ஜோசப்ராஜுக்கு சந்தேகம் வந்தது ஸ்டேஷன் வாசலிலேயே. சுடிதாரில் இருந்தாள். பைக்கில் இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்கார்ந்தாள்.

"இன்னா இது, ஆம்பள மாதிரி?"

"இப்புடி குந்துனா ரெண்டு பக்கமும் தெரியுதுங்க."

ரெண்டு பக்கமும் பார்த்து என்ன ஆகப் போகிறது? அதை அவர் மனதுக்குள் முதல் குறிப்பாகப் போட்டு வைத்துக்கொண்டார்.

அப்புறம் குறிப்புகள் வரிசையில் வந்தன. போனில் "அச்சா, அச்சா" என்று யாரிடமோ சிரித்துப் பேசினாள். பால்காரரிடம் அவளே கணக்குப் பேசினாள். கேஸ் ஸ்டவ் அடைத்துக்கொண்டபோது அவர் வரும்வரை காத்திருக்காமல் அவளே கழற்றி மாட்டியிருந்தாள். எல்லாவற்றையும் விட, அந்தப் பூட்டு. வீட்டுக்கு வந்த பிறகும் தன் பையைப் பூட்டியே வைத்தாள். ஒருநாள் அவள் குளிக்கப் போன நேரம், அவர் பைக் சாவி வளையத்திலிருந்த இரண்டாவது சாவியைப் போட்டுப் பார்த்தார். உள்ளேயே போகவில்லை. அது வேறு பூட்டு. அவர் வாங்கித் தந்ததைவிடப் பெரியது, கனமானது.

"நீங்க குடுத்தது ஒரிசா தாண்டறதுக்குள்ள ஒடஞ்சுபோச்சு" என்றாள் பின்னாலிருந்து, தலையைத் துவட்டிக்கொண்டே. "இது அங்க நானே பாத்து வாங்குனது."

"ஊட்ல இன்னாத்துக்குப் பூட்டு?"

"பழகிடுச்சு."

அவர் மகள் ரியாவிடம் போனார். காலேஜில் படிக்கிறவள், அப்பாவுடைய இந்தச் சுபாவத்தை ஒரு நோயாகத்தான் பார்த்தாள்.

"அம்மா போன்ல யார்கிட்ட பேசுது?"

"சுஷ்மா அக்கா. மம்மிகிட்ட வேலை கத்துகினவங்க. நானும் பேசினேன். நம்பர் வேணுமா, டப்பாவ குலுக்கிப் பாக்கறியா?"

ஆக, போன் சரி. ஆனால் போன் சரி என்றால் மற்றதெல்லாம் சரி என்று ஆகிவிடாது. மேலாக இருப்பது தயிர்சாதம்தான்.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் ஆரம்பித்தன. முதல் ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வந்து சமைத்துவிட்டு, எங்கேயோ கிளம்பிப் போய்ச் சாயங்காலம் வந்தாள்.

"எங்க போயிருந்தே?"

"சும்மாதாங்க. பூந்தமல்லி ஸ்டாண்டுல ஒரு பஸ் நின்னுகினு இருந்திச்சு. ஏறி உக்காந்தேன். கடைசி ஸ்டாப் வரைக்கும் போயிட்டு, அதே பஸ்ல திரும்பிட்டேன்."

"அங்க யார் கீறாங்க?"

"யாருமில்ல."

"பின்ன இன்னாத்துக்குப் போனே?"

"சும்மா."

ஜோசப்ராஜ் சிரித்துவிட்டார். வாசலில் நின்று எத்தனையோ பொய்களைக் கேட்டவர் அவர். இவ்வளவு சோம்பேறித்தனமான பொய்யைக் கேட்டதில்லை. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசில்லை என்றால், அதற்காக ஒரு காரணமும் இல்லாமலா ஏறுவார்கள்? அடுத்த ஞாயிறும் அவள் அதையே சொன்னாள். மூன்று நாள் அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்கடுத்த ஞாயிறு, "விஜிய பாக்கப் போறேன். அவளுக்கு இன்னும் ஒடம்பு தேறல" என்றாள். அவர் முகம் மலர்ந்தது. போகும்போது சாத்துக்குடி வாங்கிப் போகச் சொன்னார். உண்மையைச் சொன்னபோது நம்பாதவர், பொய்யைச் சொன்னதும் நிம்மதியாகத் தூங்கினார்.

அந்த நிம்மதி, கூட வேலை பார்க்கும் ஹேமநாதன் வாயைத் திறக்கும்வரைதான் இருந்தது. ஹேமநாதனும் நசரத்பேட்டைக்காரர்.

"விஜியா? அது அவுங்க அம்மா ஊட்டுக்கு வேலூர் போயி எவ்ளோ நாளாவுது, மாமே!"

அந்த வாரம் முழுக்க ஜோசப்ராஜ் டப்பாக்களைக் குலுக்க மறந்தார். அவருக்குப் பயம் ஒன்றே ஒன்றுதான். ராஞ்சிக்குப் போனவள் பாதிதான் திரும்பி வந்திருக்கிறாள். மீதிப் பாதி யாரிடமோ இருக்கிறது. அந்த யாரோ, ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கோ ஒரு கடைசி ஸ்டாப்பில் நிற்கிறான். தன்னைவிட நல்லவனாக இருந்தாலும் பரவாயில்லை என்று ஒரு நிமிடம் தோன்றியது. மறுநிமிடம் அப்படித் தோன்றவில்லை.

ஞாயிறு வந்தது. அவள் கிளம்பிய சிறிது நேரத்தில் அவரும் கிளம்பினார். தற்செயலாக அடித்துக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாதே என்று போனை வீட்டிலேயே வைத்தார். பூந்தமல்லி ஸ்டாண்டுக்கு வெளியே பைக்கை நிறுத்தினார். வெள்ளவேடு வழியாகக் கீழ்ப்பேடு போகும் ஒரு பஸ்ஸில் அவள் முன்வாசலில் ஏறுவதைப் பார்த்துப் பின்வாசலில் ஏறினார். முகம் தெரியக் கூடாதென்று ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

"இன்னா அண்ணாத்தே, நம்ம டிரைவர் மேல நம்பிக்கை இல்லியா?" என்றார் கண்டக்டர். பஸ்ஸே திரும்பிப் பார்த்துச் சிரித்தது.

"கடைசி ஸ்டாப்" என்றார் ஜோசப்ராஜ், ஹெல்மெட்டுக்குள்ளிருந்து.

"அங்க ரேஸ் ஒண்ணும் கெடையாதே!"

அந்த பஸ்ஸில் அவரைக் கவனிக்காத ஒரே ஆள் ஜெயசீலி. முன்னால் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு முறை இந்தப் பக்கம், ஒரு முறை அந்தப் பக்கம் என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தாள். நல்லவேளை என்று நினைத்தவருக்கு, கொஞ்ச நேரத்தில் அது நல்லவேளையாகப் படவில்லை. இவ்வளவு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள், இவளுக்கு மட்டும் பின்னால் பார்க்க ஒன்றுமே இல்லையா?

கீழ்ப்பேட்டில் பஸ் நின்றது. ஊர் என்று சொல்ல அங்கே பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு தண்ணீர் டேங்க், மூடிய பெட்டிக்கடை ஒன்று, ஏரிக்கரையில் ஒரு சிமெண்ட் பெஞ்சு. டிரைவரும் கண்டக்டரும் நிழலில் துண்டை விரித்தார்கள். ஜோசப்ராஜ் டேங்க்கின் தூணுக்குப் பின்னால் போய் நின்றார். ஜெயசீலி பெஞ்சில் உட்கார்ந்தாள். இப்போது வருவான் என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓர் ஆடு வந்தது. அவள் விரட்டினாள்.

பிறகு கழுத்துச் செயினிலிருந்த சாவியால் பூட்டைத் திறந்து பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தாள். ஜோசப்ராஜின் கை தன்னையறியாமல் ஒருமுறை குலுங்கியது. டப்பாவில் தயிர்சாதம். மூடியில் மாங்காய் ஊறுகாய். காலை நீட்டி, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, அவசரமில்லாமல் சாப்பிட ஆரம்பித்தாள். ஒரு வாய், அப்புறம் ஏரி. இன்னொரு வாய், அப்புறம் ரோடு. வீட்டில் அவள் சாப்பிடுவது எல்லோரும் சாப்பிட்ட பிறகு, அடுப்பருகே நின்றுகொண்டு, பாத்திரத்திலிருந்தே. நின்றுகொண்டு என்பதுகூட ஊகம்தான். அந்த நேரத்தில் அவர் டிவி முன்னால் இருப்பார். ஊரான் டப்பா அத்தனையையும் திறந்து பார்த்தவர், இந்த ஒரு டப்பாவை இன்றுதான் பார்க்கிறார்.

டப்பா காலியானது. அடியில் ஒன்றுமில்லை. யாரும் வரவில்லை.

அவள் முதல் ஞாயிறே சொன்னது நிஜம் என்பது அவருக்குப் புரிந்தபோது, சந்தோஷம் வர வேண்டும் என்று காத்திருந்தார். வரவில்லை. எவனோ ஒருவன் இருந்திருந்தால் சண்டை போடலாம், ஃபாதரிடம் கூட்டிப் போகலாம், அழலாம். ஒரு சிமெண்ட் பெஞ்சோடு என்ன சண்டை போடுவது?

டிரைவர் ஹாரன் அடித்தார். ஜெயசீலி கையைக் கழுவிவிட்டு ஏறி, டேங்க்கைப் பார்த்த ஜன்னலோரமாகவே உட்கார்ந்தாள். தூணை விட்டு ஓர் அடி வைத்தால் தெரிந்துவிடும். அவர் அசையவில்லை. பஸ் போய்விட்டது.

மனைவியைக் கையும் களவுமாகப் பிடிக்க வந்தவர், பெயர் மட்டும் தெரிந்த ஓர் ஊரில், போன் இல்லாமல், ஹெல்மெட்டோடு நின்றார். யாரையும் வழி கேட்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. வழி கேட்பவன் ஊருக்குப் புதுசு என்று காட்டிக்கொள்கிறான், புதுசானவனைத்தான் ஏமாற்றுவார்கள் என்பது அவர் சித்தாந்தம். அடுத்த பஸ்ஸும் வருகிற மாதிரி இல்லை. கடைசியில் புல்லுக்கட்டை வைத்துக்கொண்டு ஒரு மொபெட் வந்தது. ஓட்டியவர் நிறுத்தினார்.

"இன்னா நைனா, ஹெல்மெட் கீது, வண்டி எங்க?"

"பஸ்ஸுக்கு நிக்கிறேன்."

"இந்த பஸ் உட்டா அப்புறம் பொழுது சாயத்தான் வரும். ஏறு, தின்னனூர் ஸ்டேஷனாண்ட எறக்கி உட்றேன்."

ஜோசப்ராஜ் அவரை மேலும் கீழும் பார்த்தார். "இன்னாத்துக்கு ஏத்துறே?"

"நீ நின்னுகினு கீறே, நான் போயிகினு கீறேன். இதுல இன்னாத்துக்கு இன்னா கீது?" என்றார் அந்த ஆள். பெயர் துலுக்கானம் என்று அவரே சொன்னார். "புல்லு மேல குந்து. குத்தும். ஹெல்மெட்டு மாட்டிகினு வந்தியே, தலைக்கு மட்டும் ஒண்ணும் ஆவாது."

போகிற வழியெல்லாம் அந்த ஆள் காசு கேட்பார், பர்ஸைப் பார்ப்பார், ஆளில்லாத தோப்புக்குத் திருப்புவார் என்று எதிர்பார்த்துக்கொண்டே ஜோசப்ராஜ் பயணம் செய்தார். துலுக்கானம் தன் மாட்டுக்கு வயிறு சரியில்லாததைப் பற்றி மட்டும்தான் பேசினார். தின்னனூர் என்று அவர் சொன்ன திருநின்றவூர் ஸ்டேஷனில் இறக்கிவிட்டுப் போயே போய்விட்டார்.

ஸ்டேஷனில் ஆவடி பக்கம் எந்த பிளாட்பாரம் என்று ஒருவரைக் கேட்டார். அவர் சொன்னது சரியா என்று இன்னொருவரைக் கேட்டார். அவரைச் சரிபார்க்க ஒரு பூக்காரம்மாவைக் கேட்டார். ஆவடியில் இறங்கி பூந்தமல்லி பஸ்ஸுக்கும் இதே மாதிரி. கேட்ட எல்லோரும் உண்மையையே சொன்னார்கள். அது அவருக்குப் பெரிய குழப்பமாக இருந்தது. ஆனால் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்து, பருத்திப்பட்டு ஏரிக் காற்று முகத்தில் அடித்தபோது, ஹெல்மெட் மடியில் இருப்பதைக் கவனித்தார். எப்போது கழற்றினார் என்று ஞாபகமில்லை. பஸ் அவருடைய சொந்த சென்னீர்குப்பத்தைத் தாண்டியது. தினமும் பைக்கில் போகிற ரோடு. இங்கே மாடி மேல் ஒரு புறாக்கூண்டு இருப்பதை இதுவரை பார்த்ததே இல்லை.

பூந்தமல்லியில் பைக்கை எடுத்து வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைக்கும் நேரம். வாசலில் ஜெயசீலி நின்றாள்.

"எங்க போயிருந்தீங்க? போன வேற வெச்சிட்டுப் போயிட்டீங்க."

"ஹேமநாதன் ஊட்டுக்கு" என்றார் தயாராக வைத்திருந்தபடி.

"என் ஊட்டுக்கா?" என்றார் உள்ளே நாற்காலியில் டீ குடித்துக்கொண்டிருந்த ஹேமநாதன். "நான் ஒன்னப் பாக்க இங்க வந்து எவ்ளோ நேரமாவுது, மாமே!"

ரியா புத்தகத்தை மூடிவிட்டு நிமிர்ந்தாள். இனிமேல்தான் பாடமே என்பது போல.

ஜெயசீலி அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். காலர் பார்த்துப் பழகிய கண். பேண்ட்டில் ஒட்டியிருந்த புல்லை எடுத்தாள். சட்டையை முகர்ந்தாள்.

"மாட்டு வாசன அடிக்குது. நெசத்த சொல்லுங்க. எங்க போனீங்க?"

ஜோசப்ராஜ் யோசித்தார். உண்மையைச் சொன்னால் பின்தொடர்ந்ததைச் சொல்ல வேண்டும். பொய்க்கு ஆள் உள்ளேயே உட்கார்ந்து டீ குடிக்கிறது. மிச்சமிருந்தது ஒரே ஒரு வார்த்தை.

"சும்மா" என்றார்.

"சும்மான்னா?"

"சும்மாதான். போயிட்டு வந்தேன்."

"ம்" என்றாள் ஜெயசீலி. கம்பெனி வாசலில் டப்பாவைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் சொல்கிற அதே "ம்". அந்த வாரம் முழுக்க அவள் பார்வை அவர்மேலேயே இருந்தது. போன் அடித்தால் யார் என்று கேட்டாள். அவர் சட்டைகளைத் துவைக்கும் முன் பையில் கை விட்டுப் பார்த்தாள். சந்தேகிக்கப்படுவது இவ்வளவு கவனிக்கப்படுவது என்று அவருக்கு இதுவரை தெரியாது. கொஞ்சம் கூச்சமாகவும், சொன்னால் வெட்கம், கொஞ்சம் சுகமாகவும் இருந்தது.

அடுத்த ஞாயிறு அவள் டப்பாவைப் பையில் வைத்துப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

"விஜி ஊட்டுக்கா?" என்று கேட்டார், அவளுக்கு வசதியாக.

"ஆமா."

"சாப்ட்டுக்கினே குந்திடாதே. அந்த பஸ்ஸ உட்டா பொழுது சாயத்தான் வரும்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. நசரத்பேட்டைக்கு நிமிடத்துக்கு ஒரு பஸ் இருக்கிறது. ஜெயசீலியின் கை பூட்டின்மேல் அப்படியே நின்றது. அவரைப் பார்த்தாள். அலமாரி மேலிருந்த ஹெல்மெட்டைப் பார்த்தாள். மறுபடி அவரைப் பார்த்தாள்.

"அந்தப் புல்லு" என்றாள் மெதுவாக.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திட்டுவாள் என்று முதுகைத் தயாராக வைத்திருந்தார். அழுவாளோ என்றும் பயந்தார். பின்னால் பைச் சங்கிலியும், கழுத்துச் செயினிலிருந்து சாவியும் கழலும் சத்தம் கேட்டது. பிறகு பூட்டு மேசைமேல் வைக்கப்படும் சத்தம், கனமாக.

"எனக்கு இன்னிக்கு வேணாம்" என்றாள். "நீங்களும் எங்கனா போவீங்க போலக் கீது. ஒங்க பூட்டு வாணாம், ஒடஞ்சிடும். இத்த எடுத்துகினு போங்க. ரெண்டு சாவியும் அதுலயே கீது."

கேட்டை மூடும் சத்தம் கேட்டதும் அவர் திரும்பினார். அப்புறம் மேசைக்கு வந்து பூட்டை எடுத்து, பழக்க தோஷத்தில், காதருகே வைத்து ஒரு குலுக்குக் குலுக்கிப் பார்த்தார்.